நெல் ஏற்றினால் 10, வைக்கோல் ஏற்றினால் 6.5: டிரெய்லர் மாட்டிய டீசல் பிக்கப்பில் என்ன கோளாறு?

வடுவூர் வண்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2.5 லிட்டர் டீசல் பிக்கப், பிஎஸ்4, ஐந்து கியர். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று அடித்துப் பின்னால் மாட்டி ஓட்டுகிறேன். டிரெய்லர் இல்லாமல் ஓடினால் லிட்டருக்கு 13 கி.மீ. கிடைக்கும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வண்டியில் 25, டிரெய்லரில் 35 என்று நாற்பது கிலோ நெல் மூட்டை 60 ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கோ ரைஸ் மில்லுக்கோ போனால் 10க்குப் பக்கத்தில் வருகிறது. மொத்தம் 2,400 கிலோ. இப்போது கோடை நெல் அறுத்த வயல்களில் பேலர் (வைக்கோல் கட்டும் மெஷின்) கட்டிப்போட்ட வைக்கோலை மணப்பாறைப் பக்கம் கொண்டுபோகிறேன். உருட்டுக் கட்டு 80 ஏற்றினாலும் ஆயிரத்து இருநூறு கிலோதான் இருக்கும். நெல்லில் பாதி எடை. ஆனால் மைலேஜ் 6.5க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஐந்தாவது கியரில் புல்லிங்கே இல்லை. வல்லம் தாண்டி ஏறும்போது மிதித்தால் கரும்புகை தள்ளுகிறது.

பாரம் பாதியானால் டீசல் குறையத்தானே வேண்டும்? என்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். செலவு பெரிதாக இருப்பதால் உங்களைக் கேட்டுவிட்டு இறங்கலாம் என்று இருக்கிறேன்.

டெல்டா பாய்

பங்க்கை மாத்துங்க அண்ணே. வேறு ஒன்றும் இல்லை.

வடுவூர் வண்டிக்காரன்

எல்லா லோடுக்கும் ஒரே பங்க்தான் தம்பி. நெல்லுக்கு மட்டும் நல்ல டீசல் ஊற்றுவார்களா?

கும்பகோணம் டீசல் மெக்கானிக்

இன்ஜெக்டரில் இப்போது கை வைக்காதீர்கள். இன்ஜெக்டர் கெட்டிருந்தால் காலியாக ஓடும்போதே 13 வராது, காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்யும், ஐடிலில் தட்டும். சில விஷயம் சொல்லுங்கள்.

மைலேஜை எப்படிப் பார்க்கிறீர்கள்? மீட்டரில் தெரிவதா, டேங்க் நிரப்பிப் பார்த்த கணக்கா? நெல் ஏற்றினால் எந்த வேகம், வைக்கோல் ஏற்றினால் எந்த வேகம்? ஏர் ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது? டிரெய்லர் டயரில் எத்தனை பவுண்டு காற்று?

வடுவூர் வண்டிக்காரன்

டேங்க் நிரப்பி ஓட்டி, திரும்ப நிரப்பிப் பார்த்த கணக்குதான். நெல் என்றால் உள்ரோடு, 50 தாண்டாது. வைக்கோல் என்றால் மன்னார்குடியில் ஏற்றி தஞ்சாவூர், திருச்சி வழியாக. தஞ்சாவூர் தாண்டினால் நான்கு வழிச்சாலை, 70இல் போவேன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் இறக்கிவிடலாம். ஏர் ஃபில்டரை மாற்றவில்லை, அவ்வப்போது தட்டிப் போடுகிறேன். டிரெய்லர் டயரில் 40 பவுண்டு.

பணி ஓய்வு டிரைவர்

தம்பி, கோளாறு வண்டியில் பாதி, வானத்தில் பாதி. நீங்கள் போவது மேற்கே. இப்போது ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று திருச்சி, தஞ்சாவூர் என்று நம் பக்கம் முழுக்க அடிக்கும். மதியம்தான் அதற்கு உச்சம். செங்கிப்பட்டியில் இறங்கி நின்று பாருங்கள், தோளில் துண்டு நிற்காது. நான் பஸ் ஓட்டிய காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போகும்போது ஒரு டீசல், வரும்போது ஒரு டீசல். டிப்போவில் கேட்டால் வண்டியைப் பார்ப்பார்கள், காற்றை யார் பார்ப்பது? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். நீங்கள் வைக்கோலை உயர அடுக்கிக்கொண்டு அதற்கு எதிரே போகிறீர்கள்.

கட்டு கேபினுக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது?

வடுவூர் வண்டிக்காரன்

கேபினுக்கு மேல் ஓர் ஆள் மார்பளவு வரும் அண்ணே. அகலம் டிரெய்லர் முழுக்க.

திருவாரூர் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு

அண்ணா, பெரியவர் சொன்னதையே கணக்காகப் போட்டுப் பார்த்தேன். தோராயம்தான், ஆனால் விஷயம் தெரிந்துவிடும்.

சமமான தார் ரோட்டில், டயரில் சரியான காற்று இருந்தால், ஒரு டன்னை உருட்ட ஏறக்குறைய 12 கிலோ இழுவை போதும். நெல் லோடு வைக்கோலைவிட 1.2 டன் அதிகம். அதனால் கூடுதலாக வேண்டிய இழுவை வெறும் 15 கிலோ. டெல்டாவில் மேடு பள்ளமே இல்லை, பாலம் ஏறி இறங்குவதுதான் மேடு. அதனால்தான் அத்தனை மூட்டை ஏற்றியும் 10 கொடுக்கிறது.

காற்றுக் கணக்கு வேறு மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பிக்கப் மட்டும் 60இல் போனால் காற்றைத் தள்ள 20 கிலோ இழுவை போகும். நீங்கள் 70இல் போகிறீர்கள், எதிர்க்காற்று மணிக்கு 25 கி.மீ. என்று வைத்தால் வண்டி முகத்தில் அடிப்பது 95 கி.மீ. காற்று. 60க்கும் 95க்கும் தடை இரண்டரை மடங்கு. அதோடு வைக்கோல் சுவரும் சேர்ந்து முகப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, சரிந்த கண்ணாடி மாதிரி இல்லாமல் தட்டையாகவும் நிற்கிறது. எல்லாம் சேர்த்தால் 130 கிலோ இழுவை. பத்து டன் கூடுதல் பாரத்தை உருட்டுகிற இழுவை இது.

வடுவூர் வண்டிக்காரன்

பத்து டன்னா!

மன்னை மைனர்

என்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி ரீமேப் செய்துவிடுங்கள் பாஸ். 30 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் கூடும்.

கும்பகோணம் டீசல் மெக்கானிக்

ரீமேப் ஆசாமிக்கு என் பதில்: குதிரைத்திறன் கூடுவது டீசலைக் கூட ஊற்றித்தான். டிரெய்லர் இழுக்கிற வண்டியில் அப்படிச் செய்தால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போவும் கிளட்சும் முதலில் போகும். விட்டுவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டுத் தம்பியின் கணக்கு சரி. ஆனால் காற்றை மட்டும் குறை சொன்னால் கரும்புகைக்குப் பதில் இல்லை. கரும்புகை என்றால் ஊற்றுகிற டீசலுக்குத் தகுந்த காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். வைக்கோல் வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். கட்டு ஏற்றும்போது பறக்கிற உமி, தூசு எல்லாம் முன் கிரில் வழியாகப் போய் இன்டர்கூலர், ரேடியேட்டர் சந்துகளில் அடைந்துகொள்ளும். மேலே சேறு தெறித்தால் மெழுகின மாதிரி ஆகிவிடும். இன்டர்கூலர் அடைத்தால் டர்போவிலிருந்து வரும் சூடான காற்று ஆறாது. சூடான காற்றில் பிராணவாயு குறைவு. புகை கக்கும், இழுவை போகும், ஒரு கட்டத்துக்கு மேல் ஈசியு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், தானே டீசலைக் குறைத்துவிடும். நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முன் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்து இன்டர்கூலரைப் பாருங்கள். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரைக் கிட்டத்தில் பிடித்தால் தகடு மடங்கிவிடும், ஜாக்கிரதை. ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டிப் போடுவதை நிறுத்திவிட்டுப் புதிது போடுங்கள். தட்டினால் பெரிய தூசு விழும், நுண்ணிய தூசு காகிதத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் எண்ணெய்க் கசிவோடு வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். லோடில் மட்டும் திறந்துகொள்கிற வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, ஐந்தாவது கியரில் 1,500க்குக் கீழே வைத்து அழுத்தாதீர்கள். டர்போ அங்கே சரியாக ஊதாது. நான்காவதில் 2,000 பக்கம் வைத்து ஓட்டுங்கள். எதிர்க்காற்றில் அதுதான் டீசல் மிச்சம்.

பெர்த் தஞ்சாவூரான்

நான் தஞ்சாவூர்க்காரன், இருப்பது ஆஸ்திரேலியா. இங்கே பிக்கப்பில் கேரவன் இழுப்பது வாரக்கடைசி வழக்கம். இங்கே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். 2.8 லிட்டர் டீசல் ஹைலக்ஸ் காலியாக 9 லிட்டர் பக்கம் குடிக்கும், உயரமான கேரவன் மாட்டினால் 15, 16 லிட்டர் சாதாரணம். லிட்டருக்கு 6.5 கி.மீ. உங்கள் கணக்குதான். அதே எடைக்குத் தாழ்வான படகு டிரெய்லர் மாட்டினால் அவ்வளவு குடிக்காது. இழுப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆனால் மைலேஜைவிட ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. 35 மூட்டை என்றால் டிரெய்லரில் 1,400 கிலோ. அதில் பிரேக் இருக்கிறதா? இங்கே 750 கிலோவுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

வடுவூர் வண்டிக்காரன்

பிரேக் இல்லை. ஊரில் டிராக்டர் டிரெய்லருக்கே யாரும் வைப்பதில்லையே.

பெர்த் தஞ்சாவூரான்

டிராக்டர் 25இல் போகிறது அண்ணா, நீங்கள் நான்கு வழிச்சாலையில் 70இல் போகிறீர்கள். ஓவர்ரன் பிரேக் என்று ஒன்று உண்டு. வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் நெட்டும், அந்த நெட்டிலேயே அதன் பிரேக் பிடித்துக்கொள்ளும். தனி வயர், காற்று எதுவும் வேண்டாம். பட்டறையில் கேட்டுப் பாருங்கள். அதுவரை டிரெய்லரில் பாதி மூட்டை போதும். கொக்கி மேல் விழும் பாரம் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். பாரம் பின்னால் போனால் வால் ஆட்டும், ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

பணி ஓய்வு டிரைவர்

தம்பி சொன்னது முக்கியம். கூடவே டிரெய்லரின் ஆர்சி, இன்சூரன்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்குத் தனி பதிவு வேண்டும். அது இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான்.

நீடாமங்கலம் விவசாயி

அப்போது உயரத்தைக் குறைத்து 60 கட்டாக ஏற்றினால் டீசல் மிச்சமாகுமா?

திருவாரூர் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு

ஆகாது அண்ணா, அதுதான் வேடிக்கை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல் ஒரு லிட்டரில் எத்தனை கட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். 80 கட்டு, 6.5 கி.மீ. என்றால் 520. 60 கட்டுக்கு மைலேஜ் 8 ஆனாலும் 480தான். 8.7 தாண்டினால்தான் லாபம். காலியாகத் திரும்பும் டீசலும் இருக்கிறது, அதைக் குறைந்த கட்டின் மேல் பங்குபோட வேண்டும். உயரம் அப்படியே இருக்கட்டும். வேகத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். முடிந்தால் வண்டித் தொட்டியிலும் கேபினுக்கு மேல் சரிவாகப் படி வைத்து அடுக்கி, வண்டிக்கும் டிரெய்லர் கட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறையுங்கள். காற்று அந்தச் சந்தில் புகுந்து சுழல்வதும் இழுவையைத் தின்னும்.

வடுவூர் வண்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கிரில்லைக் கழற்றியதும் இன்டர்கூலரின் கீழ்ப் பாதி தெரியவே இல்லை. உமியும் சேறும் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொறுக்கு பொறுக்காக வந்தது. அதற்குள்ளே ஒரு முழு நெற்கதிர், மணியோடு. கழுவி, புது ஃபில்டர் போட்டேன். டிரெய்லர் டயரில் பக்கவாட்டில் அச்சடித்திருந்த அளவு 65 பவுண்டு, அதையே வைத்தேன்.

அதே மதிய நேரம், அதே 70இல் போனபோது 7 வந்தது. கரும்புகை நின்றுவிட்டது, வல்லம் ஏற்றத்தில் நான்காவதிலேயே ஏறியது. ஆனால் மைலேஜ் அவ்வளவுதான் ஏறியது. அப்புறம் ராத்திரியே ஏற்றி வைத்து விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி 55இலேயே போனேன். காற்றே இல்லை. எட்டரையைத் தாண்டியது, 80 கட்டோடு. மணப்பாறையில் வெயில் ஏறுவதற்குள் இறக்கியாகிவிட்டது. திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளியது, அது தனி லாபம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இடது பக்க டிரெய்லர் ஹப் தொட முடியாத சூடு, வலது பக்கம் வெதுவெதுப்பு.

கும்பகோணம் டீசல் மெக்கானிக்

பிரேக்கே இல்லாத டிரெய்லரில் ஒரு ஹப் மட்டும் சுட்டால் பேரிங்தான். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். உறுத்தினாலோ சத்தம் வந்தாலோ மாற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் ஆனால் இறுக்கமாகச் சுற்றினால் நட்டை இறுக்கிப் பூட்டியிருப்பார்கள், கொஞ்சம் தளர்த்திப் புது கிரீஸ் வையுங்கள். அதைச் சரிசெய்யாமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள். பின்னால் இருப்பது வைக்கோல், ஒரு பொறி போதும்.

பணி ஓய்வு டிரைவர்

ராத்திரி லோடு என்றால் கரண்ட் கம்பியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் பயமில்லை. வயலிலிருந்து ரோட்டுக்கு வருகிற கப்பிப் பாதையில்தான் கம்பி தாழ்ந்து தொங்கும், இருட்டில் தெரியாது. வயலைவிட்டு வெளியே வருவதைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்து, ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் படுங்கள்.

பேராவூரணி தென்னந்தோப்பு

இடையில் புகுந்து கேட்கிறேன். நான் இதே மாதிரி டிரெய்லரில் தேங்காய் மட்டை ஏற்றுகிறேன். பட்டுக்கோட்டைக்குப் போவேன், காற்று எனக்குப் பக்கவாட்டில். இதே கணக்குதானா?

திருவாரூர் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு

பக்கக்காற்று மைலேஜை இவ்வளவு அடிக்காது அண்ணா, ஆனால் டிரெய்லரை ஆட்டும். நனைந்த மட்டை எடையும் அதிகம். மட்டை எவ்வளவு உயரம், எந்த வேகம் என்று தனி இழையாகப் போடுங்கள், பார்க்கலாம்.