குளச்சல் வீட்டுக் குழு: வெள்ளையம்பலத்திலிருந்து ஒரு போட்டோ

மாலை 4.12
நான்: (போட்டோ) பாட்டியின் கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பி வருகிறோம். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் இந்த ஜிம்மி ஜார்ஜ் ஸ்டேடியம் இருக்கிறது. ஜிம்மி ஜார்ஜ் யார்? வெள்ளைக்காரத் துரையா?

4.13
பெரிய மாமா: லே மக்கா! துரையா? கண்ணூர் பக்கம் பேராவூர்க்காரர். வாலிபால் தொடுகிற பயல் கேட்கிற கேள்வியா இது?

4.13
அக்கா: போச்சு. மாமாவைக் கிளப்பிவிட்டான். இனி ராத்திரி ஜெபம் வரைக்கும் டைப்பிங்தான் 😂

4.21
பெரிய மாமா: வீட்டில் எட்டு ஆண் பிள்ளைகள், எட்டுப் பேரும் வாலிபால். அப்பாதான் முதல் வாத்தியார். ஜிம்மிக்கு 21 வயதிலேயே அர்ஜுனா விருது, 1976-இல். அதே வருஷம் கேரளா போலீசில் வேலை. ஸ்மாஷுக்கு எழும்பினால் மற்றவர்கள் இறங்கின பிறகும் அவர் மேலேயே நிற்பார் என்பார்கள். டாக்டர் படிப்பையே வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்.

4.22
அம்மா: அண்ணே! 12-ஆம் வகுப்புப் படிக்கிறவன் இருக்கிற குழுவில் இதையா போடுவது?

4.22
பெரிய மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

4.23
நான்: வாசித்தாச்சு மாமா.

4.26
அபுதாபி சித்தப்பா: இங்கே அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கும் ஆடியிருக்கிறார். வெளிநாட்டில் சம்பளத்துக்கு வாலிபால் ஆடின முதல் இந்தியர் அவர்தான். இத்தாலி லீக்கிலும் ஆடினார். அங்கே மொன்டிகியாரி என்ற ஊரில் ஒரு விளையாட்டு அரங்கத்துக்கு அவர் பெயர்தான். நமக்கு இத்தாலி என்றால் கப்பல் வேலை மட்டும்தான் தெரியும்.

4.28
அக்கா: நீளம் தாண்டுகிற அஞ்சு பாபி ஜார்ஜ்? 2003-இல் பாரிஸ் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே. சொந்தமா?

4.29
பெரிய மாமா: அவருடைய வீட்டுக்காரர் பாபி, ஜிம்மிக்குத் தம்பி.

4.31
அம்மா: எல்லாம் சரி. முட்டி போனால் யார் சோறு போடுவது? அதைச் சொல்லுங்கள்.

4.33
பெரிய மாமா: போலீஸ் வேலை கிடைத்தது என்று சொன்னேனே, அதை மட்டும் வாசிக்கவில்லையா?

4.40
பெரிய மாமா: 1986 சியோல் ஆசிய விளையாட்டில் ஜப்பானை அடித்து நமக்கு வெண்கலம். அந்த டீமில் ஜிம்மி. அப்போது நாங்கள் கடற்கரையில் இரண்டு தென்னைக்கு நடுவே பழைய வலையைக் கட்டி ஆடுவோம். பந்து கடலில் விழுந்து விழுந்து தண்ணீர் குடித்துத் தேங்காய் மாதிரி கனக்கும். என் சுண்டுவிரல் வளைந்தது அந்தப் பந்தைத் தடுக்கப் போய்த்தான். திருவிழா மேட்சில் ஜெயித்தால் ஒரு மட்டி வாழைக்குலை. ஏழு பேர் பங்கு போடுவோம்.

4.41
நான்: டீமுக்கு ஆறு பேர்தானே?

4.41
பெரிய மாமா: வலை கொடுத்தவனுக்குப் பங்கு இல்லையா?

4.47
பெரிய மாமா: அடுத்த வருஷம் நவம்பர் 30. இத்தாலியில் கார் விபத்து. 32 வயது. கடலில் மடி வலை இழுத்துவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். மலையாளப் பேப்பரில் அவர் படம். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. படம் போட்டிருந்த அளவைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை வாங்கி வந்து டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். பாதி செல்லரித்துவிட்டது. கை மட்டும் இருக்கிறது, பந்தை அடிக்கிற கை.

4.52
அம்மா: அந்தப் பெட்டியில்தானே அண்ணே என் கல்யாணப் புடவையை வைத்துக் கொடுத்தீர்கள். யார் கை என்று தெரியாமலே இத்தனை வருஷம் திறந்து மூடியிருக்கிறேன்.

4.53
நான்: அம்மா, வீட்டுக்கு வந்ததும் எனக்குக் காட்டு.

4.58
பெரிய மாமா: மக்கா, காலையில் 6 மணிக்குக் கடற்கரைக்கு வா. நீ ஸ்மாஷ் அடிக்கப் பந்தைத் தூக்கி லிஃப்ட் போட்டுத் தருகிறேன்.

4.58
அம்மா: 6 மணிக்குக் கணக்கு டியூஷன்.

5.03
அம்மா: 5 மணிக்கு என்றால் கூட்டிப் போங்கள். ஈர மணலோடு டியூஷனுக்குப் போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.