எஞ்சினுக்குள் தண்ணீர் "லொக்" ஆவதற்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் படகு ஓட்டுகிறவர்களுக்கான பராமரிப்புக் கையேட்டில் ஒரு சொல் தேவைப்படுகிறது. படகு கவிழ்ந்து, பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின் மூழ்கினால், சிலிண்டருக்குள் நீர் புகுந்து பிஸ்டன் மேலே ஏற முடியாமல் நின்றுவிடும். கராஜில் "லொக்", "ஜாம்" இரண்டும் புழங்குகின்றன. ஜாம் என்று எழுதினால் வாசிப்பவர் கயிற்றை இன்னும் பலமாகத்தான் இழுப்பார். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டர் போட்டுச் சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையக்கூடும். பலம் காட்டக் கூடாது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவுகள்: நீரடைப்பு, நீரிறுக்கம், நீர்ப்பூட்டு.

— நோர்வூட்டிலிருந்து

வணக்கம் ஐயா.

நீரடைப்பு வேண்டாம். குளிரூட்டும் நீர் போகும் வழி சேற்றால் அடைபட்டு, பின்பக்கத் துவாரத்தில் நீர் பீச்சாமல் போவதற்கு அந்தச் சொல் தேவை. நீரிறுக்கமும் சரிவராது; துருவேறி பெயாரிங் இறுகுவது வேறு கோளாறு. நீர்ப்பூட்டு நல்ல சொல். பூட்டென்றால் திறப்பு உண்டு. இங்கே தீப்பொறி பிளக்கைக் கழற்றும் ஸ்பானர்தான் திறப்பு.

சொல்லுக்குக் கீழேயே செய்முறையும் வரட்டும். முதலில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்ய வேண்டும். சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, பிளக் துவாரங்கள் கீழே பார்க்கும்படி சாய்த்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் நீர் கொப்பளித்து வெளியே வரும். மணல் அரைபடும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிரித்துக் கழுவாமல் சுற்றினால் சிலிண்டர் சுவர் கீறிப்போகும். மழைக்காலத்து வண்டலில் இது அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய எஞ்சின் என்றால் ரொட்டையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் பிளக் துவாரம் வழியாக அளந்து, பிஸ்டன்கள் ஏறும் உச்சியை ஒப்பிடலாம். குறைவாக ஏறுவதன் ரொட்தான் வளைந்தது.

பிறகு டாங்க், பெற்றோல் குழாய், காபரேட்டர் கிண்ணம் மூன்றையும் வெறுமையாக்க வேண்டும். மீந்த நீரை எடுக்க சிலிண்டருக்குள் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுச் சுற்றி வடித்து, கடைசியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஒயில் (பெற்றோலோடு கலக்கும் ஒயில்). மின் இணைப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்த வேண்டும். நுவரெலியாக் குளிரில் அவை தாமாகக் காயா. வழமையாக லீற்றருக்கு 20 மி.லீ. ஒயில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் என்றால் முதல் ஓட்டத்துக்கு 40 மி.லீ. கலந்து, குறைந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

இத்தனையும் அன்றே நடக்க வேண்டும். நனைந்த இரும்பில் காற்று பட்டதும் துரு தொடங்கிவிடும். டூ ஸ்ட்ரோக்கின் ஊசி பெயாரிங்குகள்தான் முதலில் பழுதாகும். உடனே வேலை தொடங்க வழியில்லாவிட்டால், வெளியே எடுத்துப் போட்டு வைப்பதைவிட நல்ல தண்ணீருக்குள்ளேயே விட்டு வைப்பது மேல்.

— நுவரெலியாவிலிருந்து

இருவருக்கும் வணக்கம்.

பூட்டு சரி, "நீர்" போதாது. காபரேட்டர் ஊசி வல்வு கசிந்து பெற்றோல் நிறைந்தாலும், சேமித்து வைக்கும்போது ஒயிலை அளவுக்கு மீறி ஊற்றினாலும் இதே கோளாறுதான். நண்பர் சொன்ன தேக்கரண்டி ஒயில் இரண்டு மூன்றானாலே, பிளக்கைப் பூட்டிக் கயிறு இழுக்கையில் மறுபடி அடிபடலாம். ஒயில் விட்டதும் பிளக் இல்லாமல் சில தடவை சுற்றிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். ஆகவே தலைச்சொல் "திரவப்பூட்டு" ஆகட்டும். நீர்ப்பூட்டு அதன் ஒரு வகை.

ஒயில் பெற்றோலில் கலக்காமல் தனியாக இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் அடிப்பாத்திர ஒயிலை உடனே வடிக்க வேண்டும். புது ஒயில் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கையில் பால் நிறமாக வந்தால், தெளியும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும், ஃபில்டரோடு.

இன்னொன்று: நுவரெலியாவின் கிரகரி வாவி கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு ஏற்ற ஜெட் (பெற்றோல் போகும் அளவுத்துளை) வைத்த காபரேட்டரில், காற்று ஐதான அந்த உயரத்தில் பெற்றோல் மிஞ்சும். பிளக் கறுக்கும், வேகம் ஏறாது. அதைப் பார்த்து உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று மறுபடி பிரிக்க வேண்டாம். சிறிய மெயின் ஜெட் போட்டால் சரியாகும்.

— தெல்தெனியவிலிருந்து

திரவப்பூட்டு எனக்கும் சம்மதம். படகுக்காரர் வாயில் நீர்ப்பூட்டுத்தான் நிற்கும் என்பதால் இரண்டையும் பதிகிறேன். வினை "பூட்டிக்கொண்டது". பதிவின் முதல் வரி இது: "திரவப்பூட்டு: சிலிண்டருக்குள் திரவம் நிறைந்து பிஸ்டன் உச்சிக்கு ஏற முடியாத நிலை. பிளக்கைக் கழற்றாமல் சுற்றக் கூடாது." துருவால் வருவதற்கு "துருவிறுகல்" என்று எழுதியிருக்கிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

— நோர்வூட்டிலிருந்து