அப்ரைசல் ஃபைலில் என்னென்ன இருக்கணும்?

கேள்வி: பெங்களூரு ஜெயநகரில் தனியார் மருத்துவமனையில் ஜெனரல் மெடிசின் கன்சல்டன்ட். அடுத்த மாதம் அப்ரைசல் (பணி மதிப்பீடு). எதில் ஆரம்பிக்கலாம்?

பதில் 1: கர்நாடகா மெடிக்கல் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கான்னு முதலில் பாருங்க. டாக்டர்களுக்கான 2002 நெறிமுறை விதிப்படி 5 வருடத்துக்கு 30 மணி நேர சிஎம்இ (தொடர் மருத்துவக் கல்வி) வேணும். கவுன்சில் கிரெடிட் (கணக்கில் சேரும் மணி நேரம்) குறிப்பிடாத சிஎம்இ சான்றிதழ் வெறும் காகிதம்தான்.

பதில் 2: சிஎம்இ எல்லாரும் காட்டிடுவாங்க, மாட்டுறது கேஸ் ஷீட்டில்தான். பழைய ஷீட் பத்து எடுத்து நீங்களே ஆடிட் பண்ணுங்க டாக்டர். குறிப்புக்குக் குறிப்பு தேதி, நேரம், கையெழுத்து இருக்கா? பிரிஸ்கிரிப்ஷனில் பதிவு எண்? ரவுண்ட்ஸ் முடிஞ்சு மொத்தமா எழுதினா நேரம் நர்ஸ் சார்ட்டோட ஒத்துப்போகாது, அங்கேதான் சிக்கல். நோயாளி ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். கேட்ட தேதியை ரெஜிஸ்டரில் ஏத்தலைன்னா கொடுத்ததை நிரூபிக்க முடியாது.

பதில் 3: புகார் ஏதாவது வந்திருந்தா மறைக்காதீங்க, எப்படியும் அப்ரைசல் பண்றவங்க கையில் இருக்கும். அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்கன்னு அரைப் பக்கம் எழுதி வைங்க. நோயாளி பெயர் மட்டும் தெரியாம அழிச்சுட்டு வைங்க.