கொரோலா 121 ஓட்டோ கியர்: உள்ளே இருக்கிற ஃபில்டரை மாத்துறதா, தொடாமல் விடுறதா?

யாழ்_121
2003 கொரோலா 121, 1.5 என்ஜின், 4 கியர் ஓட்டோ. 180,000 கிலோமீற்றர் தாண்டிட்டுது. கியர் ஒயில் எப்ப மாத்தினது எண்டு பழைய சேர்விஸ் புத்தகத்தில ஒண்டும் இல்லை. டிப்ஸ்டிக்கில ஒயில் மண்ணிறம், கருகின மணம் இல்லை. காலமை டி போட்டால் கொஞ்சம் சுணங்கித்தான் பிடிக்குது, சூடானாப் பிறகு சரி. ஒரு கராஜில "இந்த வயசில கை வைச்சால் கியர்பொக்ஸ் போயிடும்" எண்டினம். இன்னொரு இடத்தில மெஷின் போட்டு ஃப்ளஷ் (பழைய ஒயிலை முழுசாத் தள்ளி வெளியேத்துறது) பண்ணச் சொல்லினம். ஃபில்டர் மாத்துறது உண்மையில தேவையோ? எந்த ஒயில், எவ்வளவு?

ஓட்டோகியர்_பட்டறை
மாத்துங்கோ. ஆனால் மெஷின் ஃப்ளஷ் வேண்டாம்.

உங்கட வாகனத்தில இருக்கிறது யூ340ஈ கியர்பொக்ஸ். பொனற்றுக்குள்ள இருக்கிற தகட்டில அந்த இலக்கம் இருக்குதோ எண்டு பார்த்து உறுதிப்படுத்துங்கோ. ஃபில்டர் என்ஜின் ஒயில் ஃபில்டர் மாதிரி வெளியில இல்லை. கியர்பொக்ஸின்ர அடித்தட்டான சம்ப்புக்குள்ள, ஒயிலை வேண்டிய பக்கம் திருப்புற வால்வ் பொடிக்குக் கீழ படுத்திருக்கும். பம்ப் ஒயிலை உறிஞ்சுற வாயே அதுதான். அது அடைச்சால், அல்லது அதின்ர ஓ-ரிங் காய்ஞ்சு காத்து இழுத்தால், பிரஷர் விழும். பிரஷர் விழுந்தால் கிளச் தட்டுகள் இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் எரியும். குளிரில ஒயில் தடிப்பு, அடைச்ச ஃபில்டரால லேசில போகாது. காலமைச் சுணக்கத்துக்கு அது ஒரு காரணம். ஒயில் மட்டம் குறைவும், உள் சீல்கள் இறுகினதும் மற்றக் காரணங்கள். அதால முதல்ல மட்டத்தைப் பாருங்கோ, செலவில்லாத வேலை.

ஒயில் டைப் ரி-4 மட்டும். டபிள்யூஎஸ் எண்ட மற்ற ரொயோட்டா ஒயிலைப் புதுசு, நல்லது எண்டு விப்பினம். ரெண்டும் ஒண்டுக்கொண்டு மாற்று இல்லை. டெக்ஸ்ரோன் 3 உம் வேண்டாம், உராய்வுக் குணம் வேறை, கியர் மாறேக்க நடுக்கம் வரும். சம்ப் கழட்டினால் 3 லீற்றர் அளவில வரும், மிச்சம் கன்வேர்ட்டருக்குள்ள (என்ஜினையும் கியரையும் ஒயிலால இணைக்கிற பாகம்) நிண்டிடும். 4 லீற்றர் கான் ஒண்டு எடுத்தால் முதல் முறைக்குப் போதும்.

வேலை இப்பிடி: வாகனத்தைக் கொஞ்சம் ஓட்டி இளஞ்சூடாக்குங்கோ. நாலு பக்கமும் ஸ்டாண்ட் வைச்சு மட்டமா நிறுத்துங்கோ; ஜாக்கை மட்டும் நம்பிக் கீழ போக வேண்டாம். வடிகிற ஒயிலை அளவு போட்ட போத்தல்களில ஊத்தி எவ்வளவு எண்டு குறிச்சு வையுங்கோ, திருப்பி ஊத்துறதுக்கு அந்தக் கணக்குத்தான் ஆதாரம். சம்ப் போல்ட்டுகள் 10 மில்லிமீற்றர் சாவி. ஒரு மூலையில மட்டும் ரெண்டை விட்டுட்டு மற்றதைக் கழட்டினால் சம்ப் சரிஞ்சு மெதுவா வடியும். ஃபில்டர் போல்ட்டுகளைக் கழட்டேக்க இன்னும் கொஞ்சம் முகத்தில கொட்டும், கண்ணாடி போடுங்கோ. பழைய ஓ-ரிங் மேல துளையிலயே ஒட்டிக்கொண்டு நிக்கும். அதை எடுக்காமல் புதுசைப் போட்டால் ஃபில்டர் சரியா உக்காராது, காத்து இழுக்கும்.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில எடுக்கிற ஃபில்டரைப் பழையதோட பக்கத்தில வைச்சு உயரம், உறிஞ்சுற வாய், போல்ட் துளை எல்லாம் ஒத்துப் பாருங்கோ. பெட்டியில 121 எண்டு எழுதியிருக்கிறது போதாது.

பூட்டேக்கதான் கூடுதலாப் பிழை நடக்கிறது. கஸ்கெற்றுக்கு சிலிக்கோன் பூச வேண்டாம். உள்பக்கம் பிதுங்கிற துண்டு கழண்டு புது ஃபில்டரிலயே போய் அடைக்கும். முந்தி ஆரும் அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருந்தால் சம்ப் விளிம்பில துளையடி குழிஞ்சிருக்கும். தட்டையான பலகையில வைச்சு அந்த இடத்தை மெதுவாத் தட்டி நேராக்குங்கோ. போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமா, ரெண்டு மூண்டு சுத்தில இறுக்க வேணும். சம்ப்புக்கு 8 நியூட்டன் மீற்றருக்கு மேல வேண்டாம், ஃபில்டருக்கு 10 அளவில. அலுமினியப் புரி, போனால் போனதுதான். துடைக்கிறதுக்கு நூல் உதிராத துணி.

வன்னி_வீல்
மேல சொன்னதோட ரெண்டு விசயம்.

"ஒயில் மாத்தினதால கியர்பொக்ஸ் போச்சுது" எண்ட கதைக்குப் பின்னால பெரும்பாலும் ஏற்கனவே வழுக்கின பெட்டிதான் இருக்கும். வழுக்கத் தொடங்கினாப் பிறகு ஆக்கள் ஒயில் மாத்துவினம், பழி ஒயிலில விழும். உங்கட ஒயில் கருகி மணக்கேல்லை, சூட்டில சரியாப் பிடிக்குது. பயப்படாமல் செய்யலாம். ஒயில் கறுத்து, எரிஞ்ச மணம் அடிச்சு, ஏத்தத்தில ஆர்பிஎம் மட்டும் ஏறி வாகனம் இழுக்காட்டில் அப்ப ஃபில்டர் மாத்திப் பிரயோசனம் இல்லை. பால் கலந்த ரோஸ் நிறமா இருந்தால் ரேடியேற்றருக்குள்ள இருக்கிற கூலர் ஒழுகித் தண்ணி கலந்திட்டுது. ஓட்டாமல் முதல்ல அதைப் பாருங்கோ.

ஒருமுறை வடிச்சால் பாதி கூட மாறாது. மொத்தம் 7 லீற்றர் எண்டு வைச்சுக் கணக்குப் பார்த்தால் முதல் 3 லீற்றரில 43 வீதம் புதுசு, ரெண்டாம் முறை 67, மூண்டாம் முறை 81. ஃபில்டரோட ஒருக்கா, பிறகு 1,000 கிலோமீற்றர் இடைவெளியில வெறும் வடிப்பு (சம்ப் கழட்டாமல் வடிகால் போல்ட்டால) ரெண்டு தரம். ஃப்ளஷ் மெஷின் கிளப்புற அழுக்கு வால்வ் பொடியின்ர சின்னத் துளைகளுக்கும் சொலனோயிட் எண்ட மின்சார வால்வுக்கும் போகலாம். இந்த முறையில அந்தப் பயம் இல்லை.

யாழ்_121
நன்றி அண்ணையாக்கள். இண்டைக்குச் சம்ப்பைக் கழட்டியாச்சு. சம்ப்புக்குள்ள இருக்கிற காந்தத்தில சாம்பல் நிறப் பசை, விரலில தேய்ச்சால் மை மாதிரி. சம்ப் அடியில மணல் போலக் கறுப்புத் துகள் கொஞ்சம், மஞ்சளா மினுங்கிற சின்னத் துண்டு ரெண்டு. மூடலாமா?

ஓட்டோகியர்_பட்டறை
சாம்பல் பசை சாதாரணத் தேய்மானம், இவ்வளவு ஓட்டத்துக்கு இல்லாட்டில்தான் அதிசயம். கறுப்புத் துகள் கிளச் தட்டின்ர பூச்சு. கொஞ்சமெண்டால் பரவாயில்லை, கரண்டியால அள்ளுற அளவெண்டால் கவலை. மஞ்சள் துண்டைக் காந்தத்துக்குக் கிட்டப் பிடியுங்கோ. ஒட்டாட்டில் அது புஷ் அல்லது வாஷரின்ர வெண்கலம். ரெண்டு துணுக்குக்காகப் பெட்டி இறக்க வேண்டாம், மூடுங்கோ. அடுத்த முறை வெறும் வடிப்போட நிப்பாட்டாமல் சம்ப்பையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ, கூடியிருந்தால் அப்ப யோசிக்கலாம். ஊசி போல இரும்புச் சிராய் வந்தால் மட்டும் உடன ஓட்டத்தை நிப்பாட்டுங்கோ, அது பேரிங்.

மட்டம் பார்க்கிறது: வந்த அளவே ஊத்தி, என்ஜினை ஐடிலில விட்டு, பிரேக் மிதிச்சபடி பி, ஆர், என், டி, 2, எல் எண்டு ஒவ்வொண்டிலும் ரெண்டு மூண்டு செக்கன் நிப்பாட்டித் திரும்பப் பி-க்கு வாங்கோ. டிப்ஸ்டிக்கில கூல் கோடு ஆரம்ப அளவுக்கு மட்டும். 15, 20 கிலோமீற்றர் ஓடி வந்து, என்ஜின் ஓடேக்கயே ஹொட் கோடுகளுக்கு இடையில நிக்குதோ எண்டு பாருங்கோ. கூடிப்போனால் சுழலுற பாகங்கள் ஒயிலை அடிச்சு நுரையாக்கும், நுரையும் பிரஷரை விழுத்தும். கூடினதை டிப்ஸ்டிக் குழாயால மெல்லிய ரியூப் விட்டு உறிஞ்சி எடுக்கலாம்.

கொழும்பு_கரேஜ்
இனி என்ஜின் ஒயில் மாத்தக் குடுக்கேக்க பக்கத்தில நிண்டு எந்த போல்ட்டைக் கழட்டினம் எண்டு பாருங்கோ. அவசரத்தில கியர்பொக்ஸ் வடிகால் போல்ட்டைக் கழட்டி, சிவப்பு ஒயிலை வடிச்சிட்டு, என்ஜினுக்கு மேலால இன்னொரு 4 லீற்றர் ஊத்திறது நடக்கிற விசயம்.

இதை வாசிக்கிற 141 அக்ஸியோக்காரருக்கு: உங்களுக்கு வந்தது சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ) எண்டால் அதுக்கு சிவிடி ஒயில்தான், ரி-4 ஐ ஊத்தாதேங்கோ.