182 இரவுக்கு மூன்று குறைந்தது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கடலோரம்:
வேல்ஸில் எங்களுக்கு ஒரு சின்ன விடுமுறை வீடு. வணிக வரியான பிசினஸ் ரேட்ஸ் பட்டியலில் இருக்க வருடத்துக்கு 70 இரவு வாடகைக்கு விட்டால் போதும் என்றிருந்தது 2023 ஏப்ரலில் 182 ஆனதே, அதில்தான் மாட்டினோம். எங்கள் கணக்கு 179. பிப்ரவரிப் புயலில் ஒரு குடும்பம் நாலு இரவை ரத்து செய்தது. பாதை மூடியிருக்கிறது, வர வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். கடிதம் வந்த அன்று மனைவி சமையலறை நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, பென்சிலால் கட்டம் கட்டமாகத் தொட்டு எண்ணினாள். மூன்று தரம் எண்ணியும் 179தான். அந்த வணிகப் பட்டியலிலிருந்து எடுத்து, குடியிருப்பு வீடுகளுக்கான உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸில் போட்டார்கள். மேலே இரண்டாம் வீட்டுக்கான கூடுதல் வரி, பிரீமியம் வேறு, அதுவும் முன்தேதியிலிருந்து. அந்த நாலு கட்டமும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மூன்றறை:
நாங்கள் இங்கிலாந்து. குடியிருக்கும் வீட்டிலேயே அறை விடுகிறோம். ஆறு பேருக்கு மேல் தங்க இடமில்லை, முதன்மையாக அது நாம் குடியிருக்கும் வீடு என்றால் பிசினஸ் ரேட்ஸ் வராது, தெரிந்ததுதான். வரி மதிப்பீட்டுக்குப் பார்க்க வந்தவர் வரவேற்பறை சோபாவை ஒரு கையால் இழுத்தார். கட்டிலாக விரிந்தது. "இதிலும் ஆள் படுப்பார்களா?" மாமியார் வந்தால் படுப்பார் என்றேன். எழுதிக்கொண்டார். எட்டுப் பேர் என்று கணக்காகிவிட்டது. என்ன எழுதுகிறீர்கள் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

ஊர்வாசி:
கடலோரம் அண்ணா, உங்கள் புயல் புரிகிறது. ஆனால் 182ஐ அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் இருப்பது இங்கிலாந்துக் கரையில். இங்கே 2023 ஏப்ரலுக்கு முன் 140 நாள் விடத் தயார் என்று சொன்னாலே போதும், ஒரு ஆள்கூடத் தங்கியிருக்க வேண்டாம். வரிக்காகப் போடும் வருட வாடகை மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்து, வேறு வணிகக் கட்டடமும் இல்லையென்றால் சிறு வணிகச் சலுகையில் ரேட்ஸ் பூஜ்யம். கவுன்சில் டாக்ஸும் கிடையாது. இப்போதுதான் 70 இரவாவது விட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் தெருவில் ஐந்து வீடு குளிர்காலம் முழுக்க இருட்டு. நவம்பரில் அப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கழிப்பறைக் கதவில் சங்கிலிப் பூட்டு, செலவுக்குப் பணமில்லை என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

கணக்குப்பிள்ளை:
என் கதை சின்னது. சலுகை தானாக வரும் என்று நினைத்து ஒரு வருடம் முழுத்தொகை கட்டினேன். கேட்டால்தான் கொடுப்பார்கள். அப்புறம், கடலோரம், உங்கள் வீட்டுக்குக் கொடுத்த திட்ட அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது, விடுமுறைக்கு மட்டும் என்று நிபந்தனை இருந்தால் வேல்ஸில் பிரீமியம் போட முடியாது, சாதாரண கவுன்சில் டாக்ஸ் மட்டும்தான். மூன்றறை, உங்கள் மதிப்பு என்ன? 12,000க்குள் என்றால் பூஜ்யம், 15,000 வரை படிப்படியாகக் குறையும் சலுகை உண்டு. குப்பைக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். 2023 மதிப்பீடு 2021 ஏப்ரல் 1 நிலவரத்தை வைத்துப் போட்டது, கொரோனா காலம். 2026க்கு 2024 நிலவரம், அதனால் கூடினால் திகைக்க வேண்டாம். படுக்கை எண்ணிக்கை தவறென்றால் ஆதாரத்தோடு எழுதுங்கள். முன்பதிவுப் பதிவேட்டைத் தேதிவாரியாக வையுங்கள், ரத்தானதையும் எழுதுங்கள்.

கடலோரம்:
ஊர்வாசி, அந்தக் கழிப்பறைக்கு நானும் கட்டத் தயார்தான். நாலு இரவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை, அனுமதிக் கடிதம் பழைய சொந்தக்காரர் காலத்தது. பரணில் இரண்டு பெட்டி இருக்கிறது, மனைவி ஏணியை எடுத்துவிட்டாள்.