வால்வ் ஆம்ப்பில் சத்தம் விட்டு விட்டு வருது: போர்டையே மாத்தணுமா?

ஆறுகம்பி:
40 வாட் கிட்டார் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில). வாசிக்கும்போது சத்தம் சட்டுனு பாதியாகுது, மேலே தட்டினா திரும்புது. வாரண்டி முடிஞ்சாச்சு. சர்வீஸ் சென்டர்ல முழு போர்டையும் மாத்தச் சொல்றாங்க. வேற வழி?

ஈயப்புகை:
அவசரப்படாதீங்க. பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் பெட்டியை நடுவில இணைக்க சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக்) இருந்தா, அந்த ரெண்டையும் ஒரு பேட்ச் கேபிளால இணைச்சு வாசிங்க. சத்தம் நிலையா நின்னா, பெரும்பாலும் ரிட்டர்ன் ஜாக்கோட உள் ஸ்விட்ச்தான் (பிளக் இல்லாதப்போ சிக்னலைக் கடத்துறது) கோளாறு. யாரும் பிளக் சொருகாத ஜாக், அதான் கறுத்துப்போகுது. பவரை அணைச்சு, பிளக்கில காண்டாக்ட் கிளீனர் தெளிச்சு பத்துப் பதினைஞ்சு தடவை சொருகி எடுங்க. டபிள்யூடி-40 (துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே) வேண்டவே வேண்டாம்.

கம்பிச்சுருள்:
அதிலும் மாறலைன்னா வால்வ் சாக்கெட், ஜாக் கால்களைப் பாருங்க. ஈயத்தில மோதிரம் மாதிரி மெல்லிய விரிசல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டு புதுசா 60/40 சால்டர் (60% வெள்ளீயம், 40% காரீயம்) வையுங்க. மேலேயே பூசினா மறுபடி விடும்.

திறக்கும் முன்னாடி: பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டர்ல 400 வோல்ட் நிக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியா அந்த சார்ஜை சேசிஸுக்கு (ஆம்ப்போட உலோகச் சட்டம்) இறக்கி, மீட்டர்ல பாருங்க. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க. பழக்கமில்லைன்னா ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்கிட்ட கொடுங்க.

ஈயப்புகை:
கம்பெனிக்கு எழுதும்போது "ரிப்பேர் ஆகுமா"ன்னு கேட்காம, சீரியல் நம்பரும் போர்டு ரிவிஷன் நம்பரும் போட்டு சர்க்யூட் வரைபடம் கேளுங்க. ரிவிஷன் மாறினா ஜாக்கோட கால் அமைப்பும் மாறலாம்.