வேலைக்குத் திரும்புகிறேன், வீட்டையும் குழந்தையையும் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி (மார்த்தாண்டம்):
ஆறு மாதப் பெண் குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு, வரும் திங்கள்கிழமை முதல் நாகர்கோவிலில் உள்ள அலுவலகத்திற்கு மீண்டும் செல்கிறேன். காலை ஏழரை மணிப் பேருந்துக்குள் சமையல், துணி, தாய்ப்பால் எடுத்து வைப்பது ஆகியவற்றை எவ்வாறு முடிப்பது என்று நினைத்தாலே மனம் கலங்குகிறது. அனுபவமுள்ள அக்காமார் வழி சொல்லுங்கள்.

மறுமொழி (தக்கலை):
தங்கச்சி, எடுத்த தாய்ப்பாலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உட்பகுதியில் வைத்தால் 4 நாட்கள் வரை பயன்படுத்தலாம்; நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்கவே வேண்டாம். பால் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்க மாமியிடம் சொல்லுங்கள். குழந்தை குடித்து மீதம் வைத்ததை, மனம் வராவிட்டாலும், கொட்டிவிட வேண்டும்.

மறுமொழி (குழித்துறை):
ஏத்தங்காயை (நேந்திரன் வாழைக்காயை) தோல் நீக்கி, மெல்லியதாகச் சீவி, நன்கு உலர்த்திப் பொடித்து வைத்தால், மாமி நண்பகலில் கூழாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்பதால், குழந்தைத் துணிகளை இரவே துவைத்து மின்விசிறியின் கீழ் விரித்துவிடுங்கள். குழம்புக்கான தேங்காயையும் இரவே துருவி வைப்பேன். அரைப்பதை மட்டும் காலையில் செய்வேன், அப்போதுதான் மணம் இருக்கும்.

மறுமொழி (நாகர்கோவில்):
சட்டப்படி, குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் தவிர, பாலூட்டுவதற்கென்று தினமும் 2 இடைவேளைகள் உங்களுக்கு உண்டு. வீடு தொலைவில் இருப்பதால், அந்த நேரத்தில் அலுவலகத்திலேயே பால் எடுத்து வைக்க ஒரு தனி அறையைத் தயங்காமல் கேளுங்கள்.